இடி இடிக்கும் ஊரில் கணினியை எப்படி நிறுத்துவது

நவராத்திரி முடிந்த மூன்றாம் நாள் மாலை, வீட்டுக் கணினியில் 63 பெயர்களைப் பறிகொடுத்தேன். எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்கு ஒன்பது இரவும் உபயம் கொடுத்தவர்களின் பெயர், தொகை, ரசீது எண். கோயில் தலைவர் தொலைபேசியில் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல நோட்பேடில் தட்டச்சு செய்துகொண்டே வந்தேன். பிறகு நிதானமாக அட்டவணையில் ஏற்றிக்கொள்ளலாம் என்று எண்ணம். அடுப்பில் குழம்பு இருந்ததால் கணினியை ஸ்லீப்பில் போட்டுவிட்டுச் சமையலறைக்குப் போனேன். ஐந்தரைக்கு ஓர் இடி. மின்பெட்டியில், மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் இ.எல்.சி.பி. சுவிட்ச் டக்கென்று விழுந்தது. வீடு இருண்டது.

சுவிட்சைத் தூக்கிவிட்டு வந்து கணினியின் பொத்தானை அழுத்தினேன். விட்ட இடத்திலிருந்து எழும் என்று பார்த்தால் முதலிலிருந்து தொடங்கியது. சின்னம், சுழலும் புள்ளிகள், கடவுச்சொல், வெறும் திரை. பழைய அட்டவணைக் கோப்புக்கு ஒன்றும் ஆகவில்லை; அந்த மென்பொருள் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தானாகவே ஒரு பிரதி எடுத்து வைத்திருந்தது. விண்டோஸ் 10-இல் உள்ள நோட்பேடுக்கு அந்தப் பழக்கம் இல்லை. இரவு எட்டு மணிக்குத் தலைவரை மறுபடி அழைத்தேன். அவர் ரசீதுப் புத்தகங்களைத் திரும்ப எடுத்துவைத்துக்கொண்டு, ஒரு சலிப்பும் காட்டாமல், முதல் பெயரிலிருந்து சொன்னார். அந்தப் பொறுமைதான் என்னை அதிகம் வருத்தியது. இனி இந்த வீட்டில் இப்படி நடக்கவிடக் கூடாது என்று அன்றிரவே முடிவு செய்தேன். அதற்குப் பிறகு மூன்று வாரம் செய்து பார்த்தவற்றின் பதிவு இது.

முதலில் எங்கள் நிலவரம். நாங்கள் இருப்பது மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட். ஈப்போவுக்கு வடக்கே சுமார் 30 கிலோமீட்டர். சுற்றிலும் ஒருகாலத்தில் ரப்பர், இப்போது பெரும்பாலும் செம்பனை. நான் ஒரு தோட்ட அலுவலகத்தில் கிராணி, அதாவது எழுத்தர். பத்தாண்டுப் பழைய மேசைக் கணினி ஒன்றுதான் வீட்டில் எல்லோருக்கும் பொது: ஆறாம் தலைமுறைப் பிராசசர், 8 கிகாபைட் நினைவகம், பின்னால் மாற்றிப் போட்ட 240 கிகாபைட் எஸ்.எஸ்.டி. டிரைவ். ஐந்தாம் படிவத்தில் படிக்கும் மகள் பாடத்துக்குப் பயன்படுத்துகிறாள். நான் கோயில் கணக்கு எழுதுகிறேன். அப்பா இரவில் பழைய பாட்டுகள் கேட்கிறார். ஒருவர் எழுந்துபோனதும் அடுத்தவர் வந்து உட்கார்வார். யாரும் எதையும் மூடுவதில்லை. ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும், இரண்டு பருவக்காற்றுகளுக்கும் இடைப்பட்ட காலத்தில், பிற்பகலில் இடிமழை வராத வாரமே இருக்காது.

அப்பா 31 வருடம் பால்மரம் வெட்டியவர், ரப்பர் மரத்தைச் சீவிப் பால் எடுக்கும் வேலை. அன்று மாலை நடந்ததை அவரிடம் சொன்னபோது ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "நீ எழுதியது எங்கே இருந்தது?"

"கணினிக்குள்ளேதான் அப்பா."

"கணினிக்குள்ளே எங்கே?"

நினைவகத்துக்கும் டிரைவுக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்படியானால் பால் இன்னும் மங்கிலேயே இருந்திருக்கிறது அம்மா. ஸ்டோருக்குப் போய்ச் சேரவில்லை. மழை வந்தால் மங்கில் இருக்கும் பால் தண்ணீரோடு போகத்தான் போகும்" என்றார்.

மங்கு, மரத்தில் கட்டிப் பால் பிடிக்கும் கிண்ணம்; ஸ்டோர், அந்தப் பாலைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் இடம். இதைவிடச் சரியாக எவரும் எனக்கு விளக்கியதில்லை. நினைவகத்தில் ஒவ்வொரு துணுக்குத் தகவலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு மின்தேக்கியில் சிறிதளவு மின்னூட்டமாக நிற்கிறது. அது கசிந்துகொண்டே இருக்கும். அதனால் 64 மில்லிவினாடிக்குள் ஒருமுறை அத்தனையையும் படித்துத் திரும்ப நிரப்பியாக வேண்டும். கணினி ஸ்லீப்புக்குப் போகும்போது பிராசசர் நிற்கிறது, விசிறி நிற்கிறது, திரை அணைகிறது. இந்த நிரப்பும் வேலை மட்டும் நிற்பதில்லை. கணினிக்குள் இருக்கும் பவர் சப்ளையிலிருந்து வரும் 5 வோல்ட் காத்திருப்பு மின்சாரம் அதற்குத்தான் போகிறது. அது ஒரு நொடி அறுந்தால் மங்கு காலி.

ஹைபர்னேட் என்பது பாலை ஸ்டோரில் சேர்த்துவிட்டு வீட்டுக்குப் போவது. நினைவகத்தில் இருப்பதையெல்லாம் சுருக்கி டிரைவில் ஒரு கோப்பாக எழுதிவிட்டுக் கணினி முழுவதுமாக அணைந்துவிடும். திரும்பத் தொடங்கும்போது அந்தக் கோப்பை நினைவகத்தில் ஏற்றி, விட்ட இடத்திலேயே கொண்டுவந்து நிறுத்தும். இடையில் மின்சாரமே தேவையில்லை. பிளக்கைப் பிடுங்கி வைத்துவிட்டு ஒரு மாதம் ஊருக்குப் போய் வந்தாலும் எழுத்து எழுத்தாக அப்படியே இருக்கும். ஷட்டவுன் எல்லாவற்றையும் மூடிவிட்டு அணைப்பது. அதில் ஒரு சூது உண்டு, பிறகு வருகிறேன். இந்த நிலைகளுக்கெல்லாம் எண் கொடுத்து ஒழுங்குபடுத்திய ஏ.சி.பி.ஐ. என்ற விதிமுறையை இண்டெல், மைக்ரோசாப்ட், தோஷிபா மூன்றும் சேர்ந்து 1996 டிசம்பரில் வெளியிட்டன. அதில் எஸ்3 ஸ்லீப், எஸ்4 ஹைபர்னேட், எஸ்5 அணைந்த நிலை. இந்த எண்களைத் தெரிந்துவைத்திருந்தது பின்னால் கைகொடுத்தது, ஏனென்றால் கணினி தன்னைப் பற்றிச் சொல்லும்போது இந்த மொழியில்தான் சொல்கிறது.

மறுநாள் ஞாயிறு. எனக்கு விளங்காத ஒன்று இருந்தது. விண்டோஸ் மேசைக் கணினிகளில் ஹைபிரிட் ஸ்லீப் என்று ஒரு வசதி விஸ்டா காலத்திலிருந்தே உண்டு. ஸ்லீப்புக்குப் போகும்முன் நினைவகத்தின் பிரதி ஒன்றை டிரைவிலும் எழுதிவைத்துவிடும். மின்சாரம் இருந்தால் நினைவகத்திலிருந்து உடனே எழும். போய்விட்டால் டிரைவிலிருந்து எழும். மேசைக் கணினியில் இது வழக்கமாக இயங்கிக்கொண்டுதான் இருக்க வேண்டும். அப்படியானால் என் 63 பெயர்கள் ஏன் திரும்பவில்லை?

கட்டளைத் திரையை நிர்வாகி உரிமையோடு திறந்து பவர்சிஎஃப்ஜி என்ற கட்டளையை, சாய்கோடும் ஏ எழுத்தும் சேர்த்துக் கொடுத்தேன். ஆங்கிலத்தில் இடைவெளி இல்லாமல் எட்டு எழுத்து அந்தக் கட்டளை. பவர் கான்ஃபிகரேஷன் என்பதன் சுருக்கம். இந்தக் கணினியால் எந்தெந்த உறக்கம் முடியும், எது முடியாது, ஏன் முடியாது என்று பட்டியல் போட்டுச் சொல்லிவிடும். எஸ்3 உண்டு என்றது. ஹைபர்னேட் இயக்கப்படவில்லை என்றது. ஹைபிரிட் ஸ்லீப், ஹைபர்னேட் இல்லாததால் இல்லை. ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் என்ற விரைவுத் தொடக்க வசதியும் அதே காரணத்தால் இல்லை.

அப்போதுதான் நினைவுக்கு வந்தது. இரண்டு வருடத்துக்கு முன் எஸ்.எஸ்.டி. மாற்றிக்கொடுத்த கடைக்காரர், "சின்ன டிரைவ், இடம் மிச்சப்படுத்திக் கொடுத்திருக்கிறேன்" என்று சொன்னார். அந்த இடம் மிச்சம் எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை. ஹைபர்னேட்டை நிறுத்தினால் அதன் கோப்பு அழிந்து சில கிகாபைட் மிஞ்சும். அதோடு ஹைபிரிட் ஸ்லீப்பும் ஓசையில்லாமல் போய்விடும், திரையில் ஸ்லீப் என்ற சொல் மட்டும் பழையபடி நிற்கும். வாடிக்கையாளரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இரண்டு வருடமாக ஒவ்வோர் இடிமழையிலும் நாங்கள் காப்பு இல்லாமல்தான் இருந்திருக்கிறோம்.

திரும்ப இயக்குவது ஒரே வரி: அதே பவர்சிஎஃப்ஜி, சாய்கோடு, ஹைபர்னேட், ஆன். டிரைவில் 3.2 கிகாபைட் போனது. விண்டோஸ் 10 நினைவக அளவில் 40 விழுக்காட்டை இதற்கு ஒதுக்குகிறது. எங்கள் 8 கிகாபைட்டுக்குக் கணக்குச் சரியாக இருந்தது. மகளின் பழைய காணொளிகள் சிலவற்றை வெளி டிரைவுக்கு மாற்றினேன். அதற்கு மேல் இடம் கிடைத்தது. பிறகு பவர் ஆப்ஷன்ஸில் மேம்பட்ட அமைப்புகளைத் திறந்து ஹைபிரிட் ஸ்லீப் ஆன் ஆகியிருக்கிறதா என்று கண்ணால் பார்த்துக்கொண்டேன். ஹைபர்னேட் என்ற சொல் அணைக்கும் பட்டியலில் தானாக வராது. பவர் பொத்தான் என்ன செய்ய வேண்டும் என்று தேர்வுசெய்யும் பக்கத்துக்குப் போய், தற்போது மாற்ற முடியாத அமைப்புகளை மாற்று என்ற வரியை அழுத்தினால்தான், கீழே மங்கலாகக் கிடக்கும் கட்டங்கள் உயிர்பெறும். அங்கே ஹைபர்னேட்டுக்குக் குறியிட வேண்டும்.

அடிக்கடி இவ்வளவு எழுதினால் எஸ்.எஸ்.டி. தேய்ந்துவிடாதா என்று மகள் கேட்டாள். நல்ல கேள்வி. எங்கள் டிரைவின் பெட்டியில் 80 டெராபைட் எழுத்துவரை தாங்கும் என்று போட்டிருக்கிறது. நாளுக்கு ஒருமுறை 3 கிகாபைட் எழுதினால் வருடத்துக்கு 1.1 டெராபைட். நாளுக்கு மூன்று முறை என்றே வைத்தாலும் வருடத்துக்கு 3.3. அதற்குள் மற்ற உறுப்புகள் எல்லாம் போய்விடும்.

சொல்லில் நம்பிக்கை வைத்து ஒருமுறை ஏமாந்தாயிற்று. ஆகவே கையால் சோதித்தேன். நோட்பேடில் கத்தரிக்காய், முருங்கைக்காய், நெத்திலி என்று மூன்று சொல் எழுதிச் சேமிக்காமல் விட்டேன். ஸ்லீப் கொடுத்தேன். திரை உடனே கறுத்தது, ஆனால் பெட்டியின் முன்னால் உள்ள சிவப்பு டிரைவ் விளக்கு விடாமல் துடித்துக்கொண்டிருந்தது. எண்ணினேன். ஒன்பது நொடி. அதற்குப் பிறகே விசிறி நின்று, நீல விளக்கு மெதுவாக இமைக்கத் தொடங்கியது. இதைக் கவனித்தது பெரிய லாபம். திரை கறுத்ததும் கணினி உறங்கிவிட்டது என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தோம். உண்மையில் அந்த ஒன்பது நொடியில்தான் பால் ஸ்டோருக்குப் போகிறது. அதற்குள் சுவர் சுவிட்சைத் தட்டினால் எல்லாம் வீண்.

நீல விளக்கு இமைக்க ஆரம்பித்து அரை நிமிடம் விட்டுச் சுவர் சுவிட்சை அணைத்தேன். பத்து நிமிடம் கழித்துப் போட்டேன். பொத்தானை அழுத்தியதும் சின்னம் வந்தது, சுழன்றது, 20 நொடியில் நோட்பேடும் மூன்று சொற்களும் அப்படியே வந்து நின்றன. அப்பா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவரையே இன்னொரு முறை அணைத்துப் போடச் சொன்னேன். மறுபடியும் வந்தது. ஹைபர்னேட்டைத் தனியாக மூன்று முறை சோதித்தோம், மூன்றிலும் வந்தது.

நேரங்களைக் கைப்பேசியின் நிறுத்துகடிகாரத்தில் எடுத்தேன். மின்சாரம் அறாத ஸ்லீப்பிலிருந்து எழ 3 நொடி. ஹைபர்னேட்டிலிருந்து 20. முழுமையாக அணைத்துத் தொடங்க 36. இந்த 36-ஐ மட்டும் வைத்து ஷட்டவுன் மோசமில்லை என்று சொல்லிவிடலாம். ஆனால் அதற்குப் பிறகு அட்டவணையைத் திறந்து, ரசீதுப் படங்கள் உள்ள கோப்புறையைத் தேடி, விட்ட வரியைக் கண்டுபிடிக்க எனக்கு நான்கு நிமிடம் ஆகிறது. அலுவலகத்திலிருந்து வந்து சமையலுக்கு முன் கிடைக்கும் அரை மணியில் நான்கு நிமிடம் பெரிதுதான்.

மின்கட்டணத்தையும் பார்த்துவிடலாம் என்று தோட்ட வயர்மேனிடமிருந்து பிளக்கில் செருகும் மின்மானி ஒன்றை இரவல் வாங்கி வந்தேன். திரை மட்டும் அணைந்து கணினி சும்மா ஓடிக்கொண்டிருந்தால் 40 வாட். ஸ்லீப்பில் 2.4. ஹைபர்னேட்டில் 0.9. ஷட்டவுன் செய்தாலும் அதே 0.9! எங்கள் மின்சார நிறுவனமான தெனாகா நேஷனலின் 2025 ஜூலைக் கட்டண முறையில், மாதம் 1,500 யூனிட்டுக்கு உட்பட்ட வீட்டுக்கு எரிசக்தி, கொள்ளளவு, கட்டமைப்பு மூன்றையும் கூட்டினால் யூனிட்டுக்கு 44.43 சென் வருகிறது. குறைவாகப் பயன்படுத்துவோருக்கான ஊக்கக் கழிவை நான் கழிக்கவில்லை. எங்கள் கணினி ஒருநாளில் 16 மணி நேரம் ஆளில்லாமல் இருக்கும். அப்படியே ஓடவிட்டால் மாதம் 19.2 யூனிட், 8 ரிங்கிட் 53 சென். ஸ்லீப்பில் 51 சென். ஹைபர்னேட்டில் 19 சென். ஓடவிடுவது மட்டும்தான் வீண்செலவு. ஸ்லீப்புக்கும் ஹைபர்னேட்டுக்கும் உள்ள வித்தியாசம் மாதம் 32 சென். அதற்கு ஒரு தே தாரிக் கூடக் கிடைக்காது. ஆகவே காசைக் காட்டி இந்த இரண்டில் ஒன்றைத் தேர்வுசெய்யச் சொல்பவர்களின் பேச்சை நான் ஏற்கவில்லை. எங்கள் வீட்டில் கேள்வி வேறு: இடி இடிக்கும்போது பிளக்கைப் பிடுங்க முடியுமா, முடியாதா?

ஏனென்றால் அப்பா பிடுங்கச் சொல்கிறார், அவர் சொல்வது சரி. தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் இருந்த காலத்தில், தோட்டத்து ஜெனரேட்டர் இரவு பத்து மணிக்கு நின்றுவிடும் அந்த நாளில்கூட, வானம் முழங்கினால் முதல் வேலையாக வானொலியின் கம்பியைக் கழற்றி வெளியே போடுவார்கள். மின்னல் பக்கத்தில் விழுந்தால் கம்பி வழியே பாயும் அதிர்ச்சியைச் சுவர் சுவிட்சின் சின்ன இடைவெளி தடுத்துவிடும் என்று நம்பியிருக்க முடியாது. இ.எல்.சி.பி. விழுவதும் கணினியைக் காப்பதற்காக அல்ல. நிலத்துக்குக் கசியும் மின்சாரத்திலிருந்து மனிதரைக் காப்பதற்கு. அலைதடுப்புப் பிளக் ஓரளவு தாங்கும். பிடுங்கிவைத்த பிளக்குக்கு ஈடு எதுவும் இல்லை. இதில் ரவுட்டரை மறந்துவிடக் கூடாது. ஃபைபரின் கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது. ஆனால் ரவுட்டரின் அடாப்டர் சுவரில் இருக்கிறது, அங்கிருந்து கணினிக்கு வரும் கேபிள் செம்பு. கணினியின் பிளக்கை மட்டும் எடுத்துவிட்டு அந்தக் கேபிளை விட்டால் பின்கதவு திறந்தே இருக்கிறது.

ஸ்லீப்பில் இருக்கும் கணினியின் பிளக்கைப் பிடுங்க எனக்கு மனம் வராது. ஹைபிரிட் ஸ்லீப் இருக்கிறது என்று தெரிந்தாலும், டிரைவ் விளக்கு நின்றதா என்று பார்க்காத ஒருவர் பிடுங்கிவிட்டால்? ஹைபர்னேட்டில் அந்தக் குழப்பம் இல்லை: எல்லா விளக்கும் அணைந்தால் முடிந்தது. அப்பாவுக்குக் கண்ணாடி இல்லாமலும் தெரியும். ஆகவே பெட்டியின் பவர் பொத்தானுக்கே ஹைபர்னேட்டைக் கொடுத்துவிட்டேன். மெனு தேட வேண்டாம், ஆங்கிலம் படிக்க வேண்டாம். பொத்தானை ஒருமுறை தொட்டு விட வேண்டும், அழுத்திப் பிடித்துக்கொண்டே இருக்கக் கூடாது. நான்கைந்து நொடி பிடித்தால் அது வலுக்கட்டாயமாக அணைத்துவிடும். இதை மகள் தாத்தாவுக்கு நான்கு முறை காட்டினாள். நடுவில் நாங்கள் மறந்து எழுந்துபோவதற்காக, 20 நிமிடத்தில் தானாக ஸ்லீப், ஹைபிரிட் காப்போடு.

இவ்வளவும் செய்த பிறகு ஒரு தொல்லை வந்தது. விடியற்காலையில் கணினி தானாக எழுந்துகொண்டது. அப்பா நான்கரைக்கு எழுபவர். அந்தப் பழக்கம் பிரட்டுக் காலத்தோடு, தோட்டத்தில் விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் காலத்தோடு வந்தது, போகவில்லை. மூன்று நாள் தொடர்ந்து, கூடத்தில் திரை வெளிச்சம் தெரிகிறது என்றார். பவர்சிஎஃப்ஜியில் லாஸ்ட்வேக் என்று கேட்டால் கடைசியாக யார் எழுப்பினார் என்று சொல்லும். சுட்டியைக் காட்டியது. அந்த நேரத்தில் சுட்டியை யார் தொடுவார்கள்? மேசை தெருப்பக்கச் சன்னலை ஒட்டி இருக்கிறது. விடியுமுன் செம்பனைப் பழம் ஏற்றிய லாரிகள் ஆலைக்குப் போகும் தெரு அது. சன்னல் கண்ணாடி அதிர்வது எங்களுக்குப் பழகிப்போன சத்தம். மேசையும் அதிர்ந்தால் ஒளிச்சுட்டி அதை நகர்வு என்றுதான் எடுத்துக்கொள்ளும்.

இரண்டு இரவு சுட்டியைக் குப்புறக் கவிழ்த்து வைத்தேன். எழவில்லை. மூன்றாம் இரவு நேராக வைத்தேன். எழுந்தது. டிவைஸ் மேனேஜரில் சுட்டியின் பண்புகளைத் திறந்து, கணினியை எழுப்ப அனுமதி என்ற குறியை எடுத்துவிட்டேன். விசைப்பலகைக்கு மட்டும் அந்த அனுமதி இருக்கிறது. கூடவே, புதுப்பிப்புக்காக நேரம் குறித்து எழுப்பும் வேக் டைமர்களையும் மேம்பட்ட அமைப்புகளில் நிறுத்தினேன். அதன் பிறகு கூடம் இருட்டாகவே இருக்கிறது.

இப்போது ஷட்டவுன். ஹைபர்னேட்டை இயக்கிய சுமார் இரண்டு வாரத்தில் அச்சுப்பொறி கணினிக்குத் தெரியாமல் போனது. ஷட்டவுன் செய்து தொடங்கினேன், தெரியவில்லை. மறுபடியும் ஷட்டவுன், மறுபடியும் இல்லை. டாஸ்க் மேனேஜரில் செயல்திறன் பக்கத்தைப் பார்த்தால், கணினி தொடங்கி 13 நாள் ஆகிறது என்று காட்டியது. இப்போதுதானே அணைத்தேன்!

ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்தான் காரணம். விண்டோஸ் 8 வந்த 2012-இலிருந்து இருக்கும் வசதி. நாம் ஷட்டவுன் என்று அழுத்தினால் நம் மென்பொருள்களை மட்டும் மூடிவிட்டு, இயங்குதளத்தின் மையப்பகுதியை ஹைபர்னேட் செய்துவிடுகிறது. அடுத்த நாள் அந்தப் பழைய மையமே திரும்ப எழுகிறது, அதில் சிக்கியிருந்த கோளாறும் சேர்ந்தே எழுகிறது. நான் ஹைபர்னேட்டைத் திரும்ப இயக்கியபோது இதுவும் கூடவே வந்துவிட்டது. ரீஸ்டார்ட் இப்படிச் செய்யாது, அது முழுமையாகவே தொடங்கும். ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு ஷட்டவுன் கொடுத்தாலும் முழுமையாக அணையும். ரீஸ்டார்ட் கொடுத்தேன். அச்சுப்பொறி வந்துவிட்டது.

யோசித்துப் பார்த்து ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பை நிறுத்திவிட்டேன். வேலையைக் காத்துவைக்க ஹைபர்னேட் இருக்கும்போது, ஷட்டவுனும் பாதி ஹைபர்னேட்டாக இருந்து யாருக்கு என்ன பயன்? அணைத்தல் என்று ஒன்று இருந்தால் அது முழு அணைத்தலாக இருக்க வேண்டும். ஞாயிறு காலை எல்லாவற்றையும் சேமித்து மூடி, உண்மையான ஷட்டவுன் செய்கிறோம். காத்திருக்கும் புதுப்பிப்புகளும் அப்போது ஏறிவிடும். வாரம் முழுக்க ஹைபர்னேட்டிலேயே ஓட்டினால் திறந்த பக்கங்கள் குவிந்து நினைவகம் மூச்சுத் திணறும், அதற்கும் இது மருந்து.

பெட்டியைத் திறக்கும்போதும் ஷட்டவுன்தான், வேறு எதுவும் கூடாது. தூசி தட்டத் திறந்த ஒரு ஞாயிறன்று மகளுக்கு இதைக் காட்டினேன். கணினி அணைந்திருக்கிறது, விசிறி ஓடவில்லை. ஆனால் மதர்போர்டின் ஓரத்தில் மிளகு அளவு பச்சை விளக்கு ஒன்று எரிந்துகொண்டிருந்தது. 5 வோல்ட் காத்திருப்பு மின்சாரம் அதுதான். மின்மானி காட்டிய 0.9 வாட்டில் ஒரு பங்கு அங்கே இருக்கிறது. சுவர் சுவிட்சை அணைத்தோம். பச்சை உடனே போகவில்லை. மங்கி, இன்னும் மங்கி, ஏழெட்டு நொடியில்தான் செத்தது. "இதைத் தெரியாமல் கையை வைத்திருந்தால்?" என்றாள். அந்தக் கேள்வி வந்ததே போதும் என்று தூரிகையை அவள் கையில் கொடுத்தேன்.

மடிக்கணினி வைத்திருப்பவர்களுக்கு இதே கணக்குப் பொருந்தாது. ஈப்போவில் படிக்கும் மகன் வெள்ளிக்கிழமை பஸ்ஸில் வந்து இறங்கும்போது அவன் பை சூடாக இருந்தது. அவனுடையது புதிய இயந்திரம். பவர்சிஎஃப்ஜியில் பார்த்தால் எஸ்3 கிடையாது, எஸ்0 என்ற வகை ஸ்லீப் மட்டுமே. மூடி வைத்தாலும் கைப்பேசியைப் போல அரைவிழிப்பில் இருந்து இணையத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும் வகை அது. பைக்குள் காற்றும் இல்லை. மூடியை மூடினால் ஹைபர்னேட் என்று மாற்றிக் கொடுத்தேன். மறுவாரம் பை சூடாக இல்லை, பேட்டரியும் காலையில் இருந்த அளவிலேயே இருந்தது.

யு.பி.எஸ். வாங்கலாமா என்றும் பார்த்தேன். யு.எஸ்.பி. கம்பியால் இணைத்தால், மின்சாரம் போய் அதன் பேட்டரி இறங்கும்போது கணினியைத் தானாக ஹைபர்னேட் செய்ய வைக்கலாம். ஆளில்லாத வீட்டுக்கு நல்லது. எங்கள் வீட்டில் அப்பா எப்போதும் இருக்கிறார். அந்த ஈய பேட்டரியோ நம் ஊர் வெப்பத்தில் சில வருடத்துக்கு ஒருமுறை மாற்றக் கேட்கும். இப்போதைக்கு வேண்டாம்.

கந்த சஷ்டி வாரத்தில் ஒரு மாலை, அன்னதானச் செலவுக் கணக்கை அட்டவணையில் எழுதிக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு அக்கா வேலியோரம் நின்று கூப்பிட்டார், எழுந்து போனேன். அவரோடு பேசிக்கொண்டிருக்கும்போதே மலைப்பக்கம் முழங்கியது. உள்ளே ஓடிவந்தேன். அப்பா கணினியின் முன் ஒரு கையைப் பொத்தானிலிருந்து எடுத்துவிட்டு நின்றுகொண்டிருந்தார். திரை கறுத்திருந்தது, சிவப்பு விளக்குத் துடித்துக்கொண்டிருந்தது. "பொறு" என்றார் என்னிடம். சிவப்பு நின்றது. நீலமும் அணைந்தது. அதற்குப் பிறகு சுவர் சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி மேசைமேல் வைத்தார். ரவுட்டரின் அடாப்டரையும் எடுத்தார். கேபிளை நான் கழற்றினேன்.

பத்து நிமிடத்தில் வெளியே வெண்மையாக ஒரு வெட்டு, கூடவே இடி, இ.எல்.சி.பி. விழுந்தது. மெழுகுவத்தி ஏற்றி வைத்துக்கொண்டு மூவரும் சாப்பிட்டோம்.

எட்டேகாலுக்கு மழை விட்டது. சுவிட்சைத் தூக்கி, பிளக்கைப் போட்டுப் பொத்தானைத் தொட்டேன். 20 நொடி. அட்டவணை வந்தது, 41-ஆம் வரி, அக்கா கூப்பிட்டபோது பாதியில் விட்ட கட்டம். 'வாழை இலை 40 க' என்று நின்றிருந்தது, பக்கத்தில் குறி இமைத்துக்கொண்டிருந்தது. 'ட்டு' என்று முடித்து, சேமித்துவிட்டு, அடுத்த வரிக்குப் போனேன்.